கல்முனையில் வாங்கிய ‘ஃபயர் எம்ப்ளம்’ கசட் போலி, கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கேம் கசட் சேர்க்கிற ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள். நிண்டெண்டோவின் கையடக்கக் கேம் மெஷினான கேம் பாய் அட்வான்ஸுக்கான ‘ஃபயர் எம்ப்ளம்’, அமெரிக்கப் பதிப்பு, ஒறிஜினல் என்று சொல்லி கல்முனையில் ஒருவர் 22,000 ரூபாவுக்கு எனக்கு விற்றது முழுப் போலி. அவர் இன்னும் கசட்டுகள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு பழைய கசட்டுக்கு ஏன் இவ்வளவு காசு என்று கேட்பீர்கள். இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் என்ற கம்பனி 1990இல் நிண்டெண்டோவின் பழைய ஃபேமிகொம் மெஷினில் தொடங்கிய தொடர் இது, 13 வருசம் ஜப்பானை விட்டு வெளியே வரவே இல்லை. 2001இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ என்ற சண்டைக் கேமில் இந்தத் தொடரின் மார்த்தும் ரோயும் வந்த பிறகுதான் யார் இந்த வாள்காரர்கள் என்று மற்ற நாட்டு ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஏழாவதாக வந்த இந்தக் கேம்தான் 2003 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போன முதல் ஃபயர் எம்ப்ளம். அந்த ரோயின் தகப்பன் எலிவுட்டின் இளவயதுக் கதை. கட்டம் கட்டமாக ஆளை நகர்த்திச் சண்டை பிடிக்க வேண்டும், ஒருவர் செத்தால் செத்ததுதான், அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வரமாட்டார், அதனால் ஒருத்தரையும் பலி கொடுக்காமல் கொண்டுபோன ஒரு சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) எவ்வளவு பெறுமதி என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

சும்மா விளையாட மட்டும் என்றால் 2023இலிருந்து நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் எக்ஸ்பான்ஷன் பேக் சந்தாவில் இருக்கிறது. சேர்க்கிறவர்களுக்கு அது போதாது. பெட்டி மட்டையால் செய்தது, அந்தக் காலப் பிள்ளைகள் பிரித்த கையோடு எறிந்துவிட்டார்கள், பெட்டியும் கையேடும் சேர்ந்து கிடைத்தால் விலை எங்கேயோ போய்விடும். வெறும் கசட்டுக்கே நல்ல விலை, அதுதான் போலிக்காரருக்கு வசதி.

“கனடாவில இருக்கிற சித்தப்பா கொண்டுவந்தது தம்பி, உங்களுக்கெண்டபடியாத்தான் இந்த விலை” என்றார். போட்டும் காட்டினார், நன்றாகவே ஓடியது. போலியும் ஓடும், அதை நம்பாதீர்கள். கேமில் முதலில் வருகிற லின்னின் கதை முடிந்து எலிவுட்டின் பகுதிக்குள் கொஞ்சத் தூரம் போயிருந்தேன், ஒரு நாள் காலையில் போட்டால் மூன்று சேவும் வெறுமை. கோல் எடுத்தால் “பழைய சாமான்தானே, பற்றரி செத்திருக்கும்” என்கிறார். சரி என்று டவுனில் போன் திருத்துகிற கடையில் கழற்றிப் பார்த்தோம். செத்துப்போக அங்கே சேவைக் காப்பாற்றுகிற பற்றரியே இல்லை! பாதி அளவில் ஒரு போர்டு, நடுவில் கறுப்பாக ஒரு பசைக் கட்டி, நிண்டெண்டோ என்ற பெயர் எங்கும் இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்று ஒரு பதில், அப்புறம் என் நம்பரையே புளொக் பண்ணிவிட்டார்.

கழற்றாமலே பிடிக்கலாம். கசட்டின் கீழ்ப் பக்கம் போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள், பொன்னிறக் கால்களுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ என்று அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்தது லேபல். அதைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிசாக அழுத்திய இரண்டு இலக்கம் தெரியும், எனக்கு வந்ததில் லேபல் வழவழவென்று இருந்தது. லேபலில் இருக்க வேண்டிய, இந்தக் கேமின் அமெரிக்கப் பதிப்புக்கான குறியீடு ஏஜிபி-ஏஈ7ஈ-யுஎஸ்ஏ. என்னுடையதில் நடுவில் ஏஈ7ஈ வர வேண்டிய இடத்தில் பிஈ8ஈ என்று இருக்கிறது, அது இதே தொடரில் அடுத்து வந்த ‘தி சேக்ரட் ஸ்டோன்ஸ்’ஸின் குறியீடு. படம் ஒரு கேம், குறியீடு வேறு கேம், இதை ஒறிஜினல் என்று விற்க எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

காசு கொடுக்க முதல் லேபலையும் கீழ்ப் பக்கத்தையும் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். என்னிடம் அதே மெஷினின் ‘அட்வான்ஸ் வார்ஸ்’ கசட் ஒறிஜினல் ஒன்று இருக்கிறது, கல்லடிப் பக்கம் வருகிறவர்களுக்கு அதையும் இந்தப் போலியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன், இன்பொக்ஸில் கேளுங்கள்.