வர்ஜீனியாவா, பிளிமத்தா? 1620-ல் பணம் போட்டிருந்தால்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. ஆண்டு 1620. லண்டனில் நீங்கள் ஒரு நடுத்தர வியாபாரி, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அமெரிக்கக் கரையில் குடியேற்றம் அமைக்க இரண்டு தரப்பினர் பணம் கேட்டு வருகிறார்கள். ஒன்று, ஜேம்ஸ்டவுனை நடத்திவந்த வர்ஜீனியா கம்பெனி. இன்னொன்று, மேஃப்ளவர் கப்பலில் போகவிருந்தவர்களுக்காகப் பணம் திரட்டிய தாமஸ் வெஸ்டனின் குழு. யாரிடம் கொடுப்பீர்கள்?

பலரும் வர்ஜீனியா என்றார்கள். நான் பிளிமத், அதாவது மேஃப்ளவரில் போனவர்கள் அமைத்த குடியேற்றம், என்றேன். காரணத்தை அன்று முழுதாகச் சொல்ல நேரம் இருக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு இடத்திலும் நிலம் வேறு மக்களுடையது. ஜேம்ஸ்டவுன் இருந்தது பவ்ஹாட்டன் மக்களின் நாட்டில். பிளிமத் அமைந்தது பட்டுக்ஸெட் என்ற ஊரின் மேல். சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொள்ளைநோய் அந்த ஊரை அழித்திருந்தது. அந்த மக்களைக் கேட்காமலேயே லண்டனில் பங்கு பிரித்தார்கள். அதை மறந்துவிட்டு லாப நட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பணம் கேட்டவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் கைக்கு என்ன வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் தேக்குமரத் திட்டம் ஒன்றில் பணம் போட்டேன். இருபது ஆண்டில் மரம் வளரும், பணம் பல மடங்காகும் என்றார்கள். பிறகு பராமரிப்புச் செலவு என்று மறுபடி கேட்டார்கள். கடைசியில் பணத்துக்குப் பதில் நிலத்தில் பங்கு என்று ஒரு காகிதம் வந்தது. அந்த நிலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வர்ஜீனியா கம்பெனியின் கதையைப் படித்தபோது அந்தக் காகிதம்தான் நினைவுக்கு வந்தது.

ஆசை காட்டுவதில் வர்ஜீனியா கம்பெனிக்கு ஈடு கிடையாது. 1606-ல் அரசரிடமிருந்து முதல் சாசனம் (குடியேற்றம் அமைக்கும் உரிமைப் பத்திரம்), 1607-ல் ஜேம்ஸ்டவுன். தங்கம் கிடைக்கவில்லை, உள்ளே போட்ட பணமும் கரைந்தது. 1609-ல் புதுச் சாசனம் வாங்கிப் பொதுமக்களிடம் வந்தார்கள். ஒரு பங்கு 12 பவுண்டு 10 ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பாத்தியம். பணம் இல்லாதவர் தானே கப்பலேறினால் அந்த ஆளே ஒரு பங்கு. துண்டுப் பிரசுரங்கள் வந்தன, தேவாலயத்தில் பிரசங்கம் நடந்தது. லாபம், நாட்டுப்பற்று, மதம் பரப்புதல் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அந்தச் சாசனத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட தனிநபர்களின் பெயர்களும் லண்டனின் ஐம்பதுக்கும் மேற்பட்ட வணிகர், கைவினைஞர் குழுமங்களின் பெயர்களும் இருக்கின்றன. ஏழாண்டு முடிவில் பங்கு பிரிப்போம் என்பது பேச்சு.

அந்த ஆண்டே தலைமைக் கப்பல் பெர்முடாவில் மோதி நின்றது. 1609–10 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுனில் பட்டினி. சுமார் ஐந்நூறு பேரில் அறுபது பேர்தான் மிஞ்சினார்கள். லண்டனில் பங்கு எழுதியவர்கள் அடுத்தடுத்த தவணையைக் கட்டாமல் நிறுத்தினார்கள். கம்பெனி அவர்கள்மேல் வழக்குப் போட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான்: குடியேற்றத்துக்கான பராமரிப்புச் செலவு. கப்பல் போய்ச் சேர்ந்ததோடு செலவு முடியாது. அடுத்த ஆண்டும் உணவு, ஆட்கள், கருவி, துப்பாக்கி மருந்து அனுப்ப வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டும் அப்படித்தான். பணம் கேட்பவர் முதல் தவணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஐந்தாவது ஆண்டுச் செலவு யாருடையது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வர்ஜீனியாவில் அந்தச் செலவு முழுவதும் லண்டன் பங்குதாரர் தலையில். அங்கே போனவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் ஆட்கள். பஞ்சம் வந்தால் கம்பெனி சோறு போட வேண்டும். சோளம் விளைவித்தாலும் அது கம்பெனிக் களஞ்சியத்துக்குப் போகும். அதனால் அதிகம் விளைவிக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

1612-ல் மூன்றாவது சாசனம் லாட்டரி நடத்த அனுமதி கொடுத்தது. பங்கு வாங்க ஆள் இல்லாதபோது சீட்டு வாங்க ஆள் இருந்தார்கள். ஒரு தையற்காரருக்கு முதல் பரிசு விழுந்தது. பல ஆண்டுகள் கம்பெனி ஓடியதே லாட்டரிப் பணத்தில்தான். 1621-ல் அரசு அதையும் நிறுத்தியது.

ஏழாண்டுக் கெடு 1616-ல் வந்தது. பங்கு பிரித்தார்கள், பணமாக அல்ல. ஒரு பங்குக்கு 50 ஏக்கர் நிலம். அதைப் பெறவும் நில அளவைக்கும் புது ஆளுநர் செலவுக்கும் என்று இன்னொரு 12 பவுண்டு 10 ஷில்லிங் கட்டச் சொன்னார்கள். லண்டனில் கடை வைத்திருப்பவர் கடலுக்கு அப்பால் 50 ஏக்கர் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

புகையிலை வந்ததே என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜேம்ஸ்டவுன் குடியேறி ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் பயிரிட்டது நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் காசு பயிரிட்டவருக்கும், வாங்கி விற்ற வியாபாரிக்கும், சுங்கம் வசூலித்த அரசருக்கும் போனது. பங்குதாரருக்கு வழி பிறக்கவில்லை. மரம் காய்த்தது, காய் வேறு வீட்டுக்குப் போனது. 1622 மார்ச்சில் பவ்ஹாட்டன் மக்கள் தங்கள் நிலத்தை மீட்கத் திருப்பித் தாக்கியதில் 347 குடியேறிகள் இறந்தார்கள். 1624-ல் சாசனம் ரத்தானது. முதலுக்கே மோசம்.

இப்போது பிளிமத். பணம் போட்டவர்கள் சுமார் எழுபது பேர். ஒரு பங்கு 10 பவுண்டு. கப்பலில் போன பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஏழாண்டு கூட்டு உழைப்பு, பிறகு வீடு, நிலம், சரக்கு எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரித்துக்கொள்வது. பிரசங்கமும் லாட்டரியும் இல்லை. வெஸ்டன் இரும்பு வியாபாரி, நேரில் போய்ப் பேசி முடித்தவர்.

பேச்சு சுமுகமாக இருக்கவில்லை. கட்டும் வீடு எங்களுடையது, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் சொந்த வேலைக்கு என்று போகிறவர்கள் கேட்டார்கள். வெஸ்டன் மறுத்தார். அவர்கள் சவுதாம்ப்டனில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். வெஸ்டன் கோபித்துக்கொண்டு போய்விட, துறைமுகக் கடனைத் தீர்க்க வெண்ணெய்ப் பீப்பாய்களை விற்றுவிட்டுத்தான் கப்பலேறினார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. கையெழுத்துக்கு முன் இவ்வளவு சண்டை போடுகிறவர், போட்ட கையெழுத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். 1621-ல்தான், அவர்களின் லண்டன் முகவர் ராபர்ட் குஷ்மன் பிளிமத்துக்கு நேரில் வந்து பேசிய பிறகு, ஒப்புக்கொண்டார்கள்.

லாபம் வந்ததா? இல்லை. முதல் குளிர்காலத்தில் போனவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். மேஃப்ளவர் வெறுங்கையோடு திரும்பியதற்கு வெஸ்டன் கடிதம் எழுதித் திட்டினார். அடுத்து ஃபார்ச்சூன் கப்பலில் சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள ரோமத்தோலும் பலகையும் அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெஸ்டனே 1622-ல் விலகிவிட்டார். 1625-ல் பிளிமத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் லண்டனுக்குப் போனபோது 50 சதவீத வட்டிக்குத்தான் கடன் கிடைத்தது.

ஆனால் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். 1623-ல் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் என்று பிரித்துப் பயிரிட விட்டார்கள். சோளம் மிஞ்சியது. லண்டனிலிருந்து சோறு வர வேண்டிய நிலை போனது. மிஞ்சிய சோளத்தைப் படகில் ஏற்றிக் கென்னபெக் ஆற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பூர்வகுடிகளிடம் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் ரோமத்தோல் வாங்கினார்கள். கடனை அடைத்தது அந்த வேட்டைக்காரர்களின் உழைப்பு. அவர்களுக்கும் பங்கு இல்லை.

1626-ல் பிளிமத் சார்பில் ஐசக் அல்லர்டன் லண்டனில் பேசி முடித்தார். பணம் போட்டவர்களின் முழு உரிமைக்கும் 1800 பவுண்டு, ஆண்டுக்கு 200 வீதம் ஒன்பது தவணை. பிராட்ஃபோர்டு, ஸ்டாண்டிஷ், வின்ஸ்லோ போன்ற பிளிமத் தலைவர்கள் சிலர் சேர்ந்து அந்தக் கடனைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு ஆறு ஆண்டு ரோம வியாபார உரிமையைப் பெற்றார்கள். போட்டது முழுதாகத் திரும்பவில்லைதான். ஆனால் தொகை இவ்வளவு, தருகிறவர் இன்னார் என்று எழுத்தில் இருந்தது.

நான் படித்தவை பெரும்பாலும் குடியேறியவர்கள் எழுதி வைத்தவை. லண்டன்காரர்களின் பேரேடு கையில் இருந்தால் என் கருத்து கொஞ்சம் மாறலாம். பிளிமத் போனவர்கள் சொந்த ஊர் விட்டுப் போன மதக் குழு, ஒருவரையொருவர் கைவிடாதவர்கள் என்பதும் உதவியிருக்கும். வேறு ஆட்கள் போயிருந்தால் இதே ஒப்பந்தம் என்ன ஆகியிருக்குமோ. மாசசூசெட்ஸ் பே கம்பெனியை இதில் சேர்க்கவில்லை. 1630-ல் பங்குதாரர்களில் முக்கியமானவர்களே சாசனத்தையும் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள், அது வேறு கணக்கு. டென்மார்க் கம்பெனி தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றதும் மேஃப்ளவர் கரை சேர்ந்த அதே 1620 நவம்பரில்தான். அது வியாபாரக் கோட்டை என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

பிளிமத்தின் கடன் ஒன்பது ஆண்டில் தீரவில்லை. லண்டன் கூட்டாளிகளோடு கணக்குத் தகராறு 1640-கள் வரை இழுத்தது. கடைசிப் பாக்கியை அடைக்க, கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் சொந்த நிலத்தை விற்றார்கள்.