ஃபேட் கேட்டா, கெல்லம் ஐலண்ட் டேவர்னா? ஷெஃபீல்டின் இரண்டு பின்தெரு பப்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரே ஒரு மாலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது, நல்ல பீர் குடிக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் கெல்லம் ஐலண்டுக்குத்தான் அனுப்புவேன். அங்கே போய் இறங்கியதும் அடுத்த கேள்வி வரும். ஆல்மா தெருவில் இருக்கும் ஃபேட் கேட்டா, ரஸ்ஸல் தெருவில் இருக்கும் கெல்லம் ஐலண்ட் டேவர்னா? ஒன்றிலிருந்து மற்றொன்று கூப்பிடு தூரம். இரண்டுமே பெரிய சாலைக்கு முகம் காட்டாதவை. விவரம் தெரிந்தவர்கள்தான் தேடி வருவார்கள். பீரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என் ஓட்டு டேவர்னுக்கு. ஆனால் ஃபேட் கேட்டின் கதையைச் சொல்லாமல் அந்தத் தீர்ப்பைச் சொல்வது நியாயமாகாது.

டான் ஆற்றிலிருந்து ஆலைக்காகப் பிரித்த வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடையே உருவான திட்டுதான் கெல்லம் ஐலண்ட். எஃகுப் பட்டறைகளும் உலைகளும் நிறைந்திருந்த பகுதி. பகலெல்லாம் உலைக்கு முன்னால் வெந்தவர்கள் மாலையில் தாகம் தணிக்க வந்த பப்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அந்தத் தொழில் சரிந்துகொண்டிருந்த 1981-இல், 'ஆல்மா' என்ற பழைய பப்பை டேவ் விக்கெட் வாங்கி ஃபேட் கேட் என்று பெயர் சூட்டித் திறந்தார். அன்றைக்கு ஷெஃபீல்டில் பெரும்பாலான பப்கள் ஏதாவதொரு மது ஆலையின் சொத்து. ஸ்டோன்ஸ் பப்பில் ஸ்டோன்ஸ் பீர், வார்ட்ஸ் பப்பில் வார்ட்ஸ் பீர். வேறு கேட்டால் கிடைக்காது. யாருக்கும் கட்டுப்படாத பப் ஒன்றை நடத்தி, வெவ்வேறு ஊர்களின் சிற்றாலைப் பீர்களைக் கொண்டுவந்து வைத்தார் விக்கெட். பெரிய ஆலைகளின் கட்டுப்பாட்டில் இருந்த பப்கள் வெளியாரின் பீர் ஒன்றையாவது விற்க வழிசெய்த அரசாணை 1989-இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அவர் வழி காட்டிவிட்டார்.

1990-இல் பப்பின் கொல்லையிலேயே கெல்லம் ஐலண்ட் புரூவரியையும் தொடங்கினார். அங்கே பிறந்த 'பேல் ரைடர்' 2004-இல் பிரிட்டனின் சாம்பியன் பீர் விருதை வென்றது. 5.2 சதவீத ஆல்கஹால் கொண்ட, வெளிர்நிற 'ஏல்' வகைப் பீர் அது. அடுத்த ஆண்டு டார்பிஷயரில் தொடங்கிய தார்ன்பிரிட்ஜ் ஆலைக்குக் கைகொடுத்தவர்களில் விக்கெட்டும் ஒருவர். அவர் 2012-இல் மறைந்தார். 2022-இல் கெல்லம் ஐலண்ட் புரூவரி மூடப்பட்டபோது, பேல் ரைடர் அழிந்துபோகாமல் எடுத்துக் காய்ச்சியது அதே தார்ன்பிரிட்ஜ்தான். நன்றி மறவாத செயல் என்று மனதாரச் சொல்வேன். ஷெஃபீல்டின் பெரிய ஆலைகளான ஸ்டோன்ஸும் வார்ட்ஸும் 1999-லேயே கதவடைத்துவிட்டன. இந்த ஊருக்கு இன்று பீர் நகரம் என்று பெயர் இருக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு ஃபேட் கேட்டுக்கு உண்டு.

இத்தனை பெருமை இருந்தும் ஏன் டேவர்ன்?

'பீர் வகைகள் அதிகம்' என்பதைப் பலரும் கவுன்ட்டரில் பீர் ஊற்றும் பம்புகளின் எண்ணிக்கையாகவே பார்க்கிறார்கள். பீப்பாய் ஏல் என்பது உயிருள்ள பீர். ஈஸ்ட் அகற்றப்படாமல் பீப்பாய்க்குள் போய், பப்பின் நிலவறையில் மறுபடி நொதித்து, வண்டல் அடியில் படிந்த பிறகுதான் குடிக்கத் தயாராகிறது. பீப்பாயைத் திறந்துவிட்டால் உள்ளே காற்று புகும். மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்காவிட்டால் சுவை மங்கி, புளிப்பு தட்டத் தொடங்கும். சிறிய பீப்பாய் ஒன்றில் 9 கேலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்). ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு 24 பைண்டாவது ஓட வேண்டும் என்று ஆகிறது. 12 பம்பு வைத்தால் கிட்டத்தட்ட 300 பைண்ட். ஒரு பின்தெருக் கடைக்கு இது பெரிய கணக்கு. கூட்டம் இல்லாத இடத்தில் பம்புகளை அடுக்கி வைத்தால் வகைகள் கூடும், ஒவ்வொன்றின் தரமும் குறையும். எனவே ஒரு பப்பின் பீர் வளத்தை அளக்க நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: வைத்திருப்பதெல்லாம் புதிதாக இருக்கிறதா, வைத்திருப்பவை ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறுபட்டவையா.

முதல் விஷயத்தில் இரண்டு பப்களும் சோடை போவதில்லை. இரண்டாவதில்தான் டேவர்ன் முந்துகிறது. இன்றைய பப்கள் பலவற்றில் எட்டுப் பம்புகள் இருந்தால் ஆறில் வெளிர்நிற, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் மணம் தூக்கலான பீர்தான் இருக்கும். பெயரும் படமும் மாறும், குடித்தால் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். டேவர்னில் மைல்ட், போர்ட்டர், ஸ்டவுட் ஆகிய கரும் பீர்களுக்கென்று எப்போதும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். குறிப்பாக மைல்ட். பெரும்பாலும் 4 சதவீதத்துக்கும் கீழான ஆல்கஹால், வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) மெல்லிய இனிப்பு, கசப்பு குறைவு. வேலை முடிந்து வரும் தொழிலாளி இரண்டு மூன்று பைண்ட் குடித்தாலும் நிதானம் தவறாமல் வீடு போய்ச் சேர உதவிய பீர். 1960-களிலிருந்து அது தேய்ந்து, இன்று பல பப்களில் மருந்துக்குக்கூடக் கிடைப்பதில்லை. வேகமாக விற்காது என்று தெரிந்தும் அதற்கு ஒரு பம்பை விட்டுவைக்கும் கடைக்காரரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மூடிக் கிடந்த பழைய பப் ஒன்றை 2000-களின் தொடக்கத்தில் சீரமைத்து உருவாக்கியதுதான் இந்த டேவர்ன். 1971 முதல் பீப்பாய் ஏலுக்காகப் போராடிவரும் காம்ரா அமைப்பு, 2008, 2009 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளுக்கான தேசியச் சிறந்த பப் விருதை இதற்குக் கொடுத்தது. அதற்கு முன் எந்தப் பப்பும் தொடர்ந்து இருமுறை அதை வாங்கியதில்லை. பின்பக்கம் செடிகொடிகள் அடர்ந்த சிறிய தோட்டம் இருக்கிறது. கோடை மாலையில் அங்கே இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பணியாளர் பீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பதில்லை. நீளமாக, சீராக இழுக்கிறார்கள். யார்க்ஷயர் வழக்கப்படி குழாய் முனையில் பொடித் துளைகள் கொண்ட சிறு மூடி இருக்கும். அதன் வழியே பீறிட்டு விழும் பீர் முதலில் கண்ணாடிக் குவளை முழுக்கக் கலங்கலாக இருக்கும். பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து, நுரை மேலே ஏறி விரற்கடை உயரத்துக்குத் திரளும். மைல்ட் என்றால் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கருப்பாகத் தெரிந்தது செம்மாதுளை நிறமாக மாறும். நம் ஊரில் குளிரக் குளிர லாகர் குடித்துப் பழகியவருக்கு முதல் மிடறு ஏமாற்றமாக இருக்கலாம். 12 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இதைப் பரிமாறுவார்கள். குளிர்ந்துவிட்டால் மால்ட்டின் சுவையே தெரியாது.

இனி ஃபேட் கேட் வெல்லும் இடம். பீரைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து பேசுவதற்கென்று பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது. நடுவே நடை, இருபுறமும் அடக்கமான அறைகள், குளிர்காலத்தில் கணப்பு, சுவரில் பழைய மது ஆலைகளின் முகம் பார்க்கும் கண்ணாடிகள். பாட்டு கிடையாது, சூதாட்ட இயந்திரம் கிடையாது. 2007-இல் இங்கிலாந்து முழுவதும் பப்களில் புகைக்கத் தடை வருவதற்கு வெகுகாலம் முன்பே புகை இல்லாத அறை வைத்திருந்தவர்கள் இவர்கள். சைவ உணவுக்குத் தொடக்கத்திலிருந்தே மதிப்புக் கொடுத்த இடம் என்பதால், குடிக்காத, இறைச்சி தொடாத நண்பரையும் தயங்காமல் அழைத்துப் போகலாம். பீரில் அக்கறை இல்லாதவருக்கு டேவர்னில் பொழுது போகாது.

ஜிப்ரால்டர் தெருவில் ஷேக்ஸ்பியர்ஸ் என்ற மூன்றாவது பப்பும் இந்தப் போட்டிக்கு வரும். விஸ்கிப் பிரியர்கள் அதைத்தான் சொல்வார்கள். நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் பீருக்காக ஒரே மாலை என்றால் அது மூன்றாவதுதான்.

ஷேல்ஸ்மோர் டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் எல்லாமே நடை தூரம். சாப்பாட்டு நேரத்துக்கு ஃபேட் கேட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பேல் ரைடர் இருந்தால் அரை பைண்ட் குடியுங்கள். பிறகு டேவர்னுக்கு நடந்து, அங்கே மைல்டில் தொடங்கி, போர்ட்டருக்குப் போய், ஸ்டவுட்டில் முடியுங்கள். எல்லாம் அரை அரை பைண்டாக. வரிசையைத் திருப்பிப் போட்டால் மைல்ட் தண்ணீர்போலத் தோன்றிவிடும். மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கவுன்ட்டரில் கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். எதைத் தேர்வது என்று புரியாவிட்டால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். பீர் புளித்திருந்தால் முதல் மிடறிலேயே சொல்லிவிடுங்கள். பாதியைக் குடித்துவிட்டுப் போய்ச் சொல்வது நன்றாக இருக்காது.