நான்கு வருடம் அஃபிலியேட் வைத்து அப்பளம் விற்ற அனுபவம்

மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது வருடமாக அப்பளம் காய்கிறது. அம்மா தொடங்கிய தொழில். கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் பிடிக்கும் மாஸ்டர்கள், மெஸ்கள், இரண்டு மூன்று மளிகைக் கடைகள், இவ்வளவுதான் எங்கள் வாடிக்கை. 2021 மே மாத ஊரடங்கில் முகூர்த்தங்கள் வீட்டோடு முடிந்தன. மெஸ்களும் ஆர்டரை நிறுத்திவிட்டன. கட்டுக் கட்டாக அப்பளம் வீட்டில் தேங்கியது. அப்போதுதான் நான் வூகாமர்ஸ் என்ற மென்பொருளை வைத்து ஒரு சின்ன இணையக் கடை போட்டேன். முதல் மாதம் வாங்கியவர்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள். விளம்பரத்துக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு அந்த ஆர்டரில் கிடைத்த லாபத்தைவிட அதிகமாக இருந்தது. அந்த ஆவணியில் அஃபிலியேட் முறைக்கு வந்தேன். இன்றைக்கு எங்கள் இணைய விற்பனையில் பாதிக்கு மேல் அஃபிலியேட்களும் கூட்டாளிகளும் கொண்டு வருவதுதான். இந்த நான்கு வருடத்தில் நடந்ததை எழுதினால், வீட்டிலிருந்து பொருள் விற்கிற வேறு யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

அஃபிலியேட் என்றால் பெரிய விஷயம் இல்லை. நம் பொருளை ஒருவர் தன் ஆட்களிடம் சொல்கிறார். அதனால் விற்பனை நடந்தால் அவருக்குக் கமிஷன். நடக்காவிட்டால் நாம் எதுவும் தர வேண்டாம். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. கீழமாசி வீதியில் தரகு வியாபாரம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த எண்ணம் புதிதும் இல்லை. ஒரே வித்தியாசம், தரகர் ஆளைக் கையோடு கூட்டி வருவார், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். இணையத்தில் யார் அனுப்பி யார் வந்தார் என்பதைக் கம்ப்யூட்டர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் தலைவலி அங்கேதான் வந்தது.

ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் தனி லிங்க் கொடுத்தேன். லிங்க்கை யாராவது தட்டினால் அவருடைய பிரவுசரில் குக்கீ என்ற சின்ன அடையாளம் பதியும். முப்பது நாளுக்குள் அவர் வாங்கினால் கமிஷன் அந்த அஃபிலியேட் கணக்கில் ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மக்கள் வாங்குகிற விதம் வேறு. மத்தியானம் சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே லிங்க்கைத் திறந்து பார்ப்பார்கள். செயலிக்குள் திறக்கிற பக்கத்தில் பதிந்த குக்கீ, ராத்திரி குரோமைத் திறந்து வாங்கும்போது அங்கே இருக்காது. அல்லது மனைவி தன் போனில் பார்ப்பார், கணவர் தன் போனில் பணம் கட்டுவார். மூன்றாவது மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு அஃபிலியேட் போன் செய்தார். “அண்ணே, எனக்குத் தெரிஞ்சே ஆறு பேர் வாங்கியிருக்காங்க. கணக்குல ரெண்டுதான் காட்டுது. நான் பேர் சொல்லட்டுமா?” என்றார். பெயர்களைச் சொன்னார், எல்லாம் சரியாக இருந்தது. மிச்ச நான்கு பேருக்கும் அன்றைக்கே கமிஷன் போட்டேன். ஆனால் எத்தனை பேர் இப்படிப் போன் செய்யாமலேயே மனம் வெறுத்து ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகு லிங்க்கை நம்புவதை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கூப்பன் கோடு கொடுத்தேன். வாங்குகிறவர் கோடைப் போட்டால் அவருக்கு 5 சதவீதம் குறையும், கோடுக்கு உரியவருக்குக் கமிஷன் சேரும். எந்த போனில் பார்த்தார், எந்த போனில் வாங்கினார் என்ற கவலையே இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக்கூடச் சொல்லலாம். இந்த ஒரு மாற்றத்தில்தான் எங்கள் அஃபிலியேட் முறை காலூன்றியது.

கமிஷன் எவ்வளவு என்பதில் நான் செய்த தவறை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். எங்கள் கலவைப் பெட்டி 499 ரூபாய். உளுந்தப்பளம், பிரண்டை அப்பளம், கூழ் வத்தல், வெங்காய வடகம் எல்லாம் சேர்த்துப் பொருளின் அடக்கம் 210. பெட்டியும் பேக்கிங்கும் 30. கூரியர் சராசரி 80. பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு 12. ஆக 332. ஆர்வத்தில் வாங்குகிறவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி, அஃபிலியேட்டுக்கு 20 சதவீதம் கமிஷன் என்று அறிவித்துவிட்டேன். கணக்குப் போட்டால் 449 ரூபாய் வரவு, அதில் 90 கமிஷன், அடக்கம் போக என் கையில் 27 ரூபாய். அப்பளம் நொறுங்குகிற பொருள். அப்போது பத்துப் பெட்டிக்கு ஒன்று உடைந்து போகும். அதற்குப் பதில் புதுப் பெட்டி அனுப்ப 320 ரூபாய். பத்துப் பெட்டியில் வந்த 270-ஐயும் அது விழுங்கி மேலே 50 கேட்கும். விற்பனை ஏறிக்கொண்டே போனது, அம்மாவின் உளுந்துக்கடை பாக்கியும் ஏறிக்கொண்டே போனது. நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது தள்ளுபடி 5, கமிஷன் 10 சதவீதம். பெட்டிக்கு 95 ரூபாய் நிற்கிறது. கமிஷனைக் குறைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அஃபிலியேட்டிடமும் இந்தக் கணக்கை அப்படியே காட்டினேன். சிலர் விலகினார்கள். இருந்தவர்களில் சமையல்காரர் ஒருவர் மட்டும், “முதல்ல பெட்டியை மாத்துங்க தம்பி, அப்பளத்தை நிக்க வச்சு அடுக்கினா உடையாது” என்றார். அவர் சொன்னபடி வட்ட டப்பாவுக்குள் இறுக்கி, மேலே கீழே அட்டை வைத்து அனுப்ப ஆரம்பித்தோம். இப்போது நாற்பதில் ஒன்றுகூட உடைவதில்லை. கமிஷன் வாங்குகிறவர் இப்படி ஒரு யோசனையும் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

யார் விற்றார்கள் என்பது அடுத்து. இதுவரை 64 பேருக்குக் கோடு கொடுத்திருக்கிறேன். ஒன்பது பேர் தவிர மற்றவர்கள் கொண்டு வந்தது மிகக் குறைவு. பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் பின்தொடரும் ஒருவர் ஒரு முறை பேசினார். இரண்டு நாள் பரபரப்பு, பிறகு அமைதி. ஒன்பது பேரில் மூன்று பேர் சமையல் மாஸ்டர்கள், இரண்டு பேர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவை நடத்தும் அக்காக்கள், ஒருவர் பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதச் சாமான் பட்டியல் போட்டுத் தருபவர். எல்லாருக்கும் பொதுவான ஒன்று, அவர்கள் வீட்டில் எங்கள் அப்பளம் பொரிகிறது. இப்போது யாராவது அஃபிலியேட்டாகச் சேரக் கேட்டால் முதலில் ஒரு பெட்டி இலவசமாக அனுப்புகிறேன். சாப்பிட்டுப் பார்த்து, பத்து நாள் கழித்து அவராகப் போன் செய்தால்தான் கோடு.

ஒரு எச்சரிக்கை. கோடு வெளியே கசியும். எங்களுடைய கோடு ஒன்று தள்ளுபடிக் கோடுகளைத் திரட்டிப் போடும் ஒரு தளத்தில் ஏறிவிட்டது. எப்படியும் வாங்க வந்த பழைய வாடிக்கையாளர்கள் பணம் கட்டும் இடத்தில் நின்று தேடி, அந்தக் கோடைப் போட்டு வாங்கினார்கள். அவர்களைக் கொண்டுவராத ஒருவருக்கு நான் கமிஷன் கொடுத்தேன். அவர் மேல் தவறில்லை, அவருக்கே தெரியாது. இப்போது கோடு ஒரு போன் எண்ணின் முதல் ஆர்டருக்கு மட்டும் செல்லும். திடீரென்று ஒரே கோடில் ஆர்டர் குவிந்தால் நிறுத்திவிட்டு உரியவரிடம் பேசுகிறேன்.

கமிஷன் எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்து ஏழு நாள் கழித்துத்தான் கமிஷன் உறுதியாகும். வாசலில் பணம் கட்டும் ஆர்டர்களில் சிலர் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக வரக் கூரியர் செலவு நம் தலையில். அதற்கும் கமிஷன் கொடுத்தால் தொழில் தாங்காது. அதே சமயம், உறுதியானதை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, 60 ரூபாயாக இருந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்னால் ஜிபேயில் போட்டுவிடுகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சிறு தொகை என்று தள்ளிப் போடுகிற இடத்தில்தான் நல்ல ஆட்களை இழக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

கமிஷன் வாங்குவதை மறைக்கக் கூடாது என்பதும் எங்கள் நிபந்தனை. விளம்பரத் தரக் குழுவான ஆஸ்கி 2021-ல் வழிமுறை கொடுத்தது, 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் கொடுத்தது: பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதைத் தெரியும்படி சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் “இதுல எனக்குக் கமிஷன் உண்டு” என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். இதனால் விற்பனை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வரி விஷயத்தில், அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கமிஷன் கொடுக்கும்போதே அதில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் டிடிஎஸ், தனிநபர் தொழில் என்றால் முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான். 2024 அக்டோபரிலிருந்து அந்த விகிதம் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எங்களுக்கு அந்த அளவு இன்னும் வரவில்லை, ஆனாலும் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பான் எண்ணோடு கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்புறம் கூட்டு. அஃபிலியேட் நம் பொருளை விற்றுத் தருபவர். கூட்டாளி தன் பொருளையும் தன் வாடிக்கையாளர்களையும் கொண்டு நம்மோடு உட்காருபவர். முதல் கூட்டு ஒரு செக்கு எண்ணெய் வியாபாரியோடு. அப்பளமும் எண்ணெயும் ஒரே பெட்டியில், நல்ல பொருத்தம் என்று நினைத்தேன். எண்ணெய் எடை கூடியதால் கூரியர் இரட்டிப்பானது, இரண்டு முறை பாட்டில் கசிந்து அப்பளம் முழுவதும் ஊறிப் போனது. அதைவிடப் பெரிய சண்டை வேறு. ஆறு மாதத்தில் சேர்ந்த 400 சொச்சம் போன் எண்கள் யாருடையவை? எழுதி வைக்கவில்லை. அவர் அந்த எண்களுக்குத் தினமும் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். நாங்கள் பிரிந்தோம்.

இரண்டாவது கூட்டு இன்றுவரை நடக்கிறது. அண்ணா நகரில் ஒரு அக்கா இணையத்தில் சமையல் வகுப்பு எடுக்கிறார். கல்யாண வீட்டு வத்தக்குழம்பு, ரசம், கூட்டு என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சேருகிறவர்களுக்கு வகுப்புக்கு முன்னாலேயே எங்கள் பெட்டி வீடு போய்ச் சேரும். சுண்டைக்காய் வத்தலும் மோர் மிளகாயும் அதில் கூடுதல். பெட்டிக்கு அவருக்கு 60 ரூபாய், சதவீதம் எல்லாம் இல்லை. பேச உட்கார்ந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: “தம்பி, என் பிள்ளைக நம்பரை மட்டும் கேக்காத. வகுப்பு முடிஞ்சு உன் கடையில தானா வந்து வாங்கினா அது உன் ஆளு. அதுவரைக்கும் என் ஆளு.” அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, எவ்வளவு நாள், உடைந்தால் யார் செலவு, பிரிய வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வது என்பதையும் சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வகுப்பில் அவர் எங்கள் அப்பளத்தைச் சூடான எண்ணெயில் போட்டுக் காட்டுகிற அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக எந்த விளம்பரமும் இல்லை. வகுப்பு முடித்தவர்களில் மூன்றில் ஒருவர் திரும்ப வாங்குகிறார்.

அதிலும் ஒரு முறை சிக்கல் வந்தது, காரணம் மழை. ஐப்பசியில் அவர் வகுப்பு அறிவித்தார், 180 பேர் சேர்ந்தார்கள், அடைமழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் அப்பளம் காயாது; ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். 70 பெட்டி தாமதமானது. அக்கா வகுப்பை ஒரு வாரம் தள்ளி வைத்து, காரணத்தை எல்லாரிடமும் சொன்னார். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்போதிருந்து கூட்டாளிகளுக்கும் அந்த ஒன்பது பேருக்கும் கையிருப்பு எத்தனை பெட்டி என்று வாரா வாரம் திங்கட்கிழமை அனுப்புகிறேன். மழைக்குத் தேவையானதை ஆவணி, புரட்டாசியிலேயே காய வைத்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் யாரும் புதிதாகத் தள்ளி விற்க வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். சித்திரை அதற்கு நேர் எதிர். வெயில் கொளுத்தும், சரக்கு குவியும், ஆனால் தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கிற நாட்களில் பார்சல் எடுக்கும் வண்டி ஊருக்குள் நேரத்துக்கு வராது. அந்த வாரம் ஆர்டர் எடுக்கலாம், தேதி மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடுவேன்.

இந்த வருடம் பெங்களூர்க்காரர் அஃபிலியேட்டிலிருந்து கூட்டாளியாக மாறக் கேட்டிருக்கிறார். மாதம் இரண்டு முறை மொத்தமாக அங்கே அனுப்பி, அவர் தன் வீட்டிலிருந்தே விநியோகம் செய்வார். பெட்டிக்கு 80 ரூபாய் கூரியர் 25-ஆகக் குறையும். மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தாள் எழுதி முடித்த பிறகுதான் முதல் மூட்டை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்.