காய்ந்த கொழுந்தும் || குறியும்: ஜாவாஸ்கிரிப்ட் தருக்கக் குறிகள், நீண்ட காலப் பாவனையில்

ஈரத் தேயிலைக் கொழுந்துக்கு நிறையில் கழிப்பது இலங்கைத் தோட்டத்து வழக்கம். கழிவைக் குறிக்காமல் விட்டால் 2 கிலோ என்று எடுத்துக்கொள்ள, கொழுந்துக் கணக்கு நிரலில் பலரும் எழுதும் வரி இது:

நிகரம் = எடை - (கழிவு || 2)

மாறிகளுக்கு இப்படித் தமிழ்ப் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் இடம் தருகிறது.

ஜூன், ஜூலையில் அட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை. கழிவு 2, 3 என்றே பதிவாகும். வரியில் குறை தெரியாது. அதே நாட்களில் பண்டாரவளையில் காய்ந்த காற்று. கணக்கப்பிள்ளை சரியாகவே 0 என்று பதிகிறார். எண் 0 || குறிக்குப் பொய் மதிப்பு. ஆகவே வலப்பக்கத்து 2-ஐ எடுத்துக்கொள்கிறது. ஒரு பெயருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கணக்குக்கு, 18 கிலோ வைத்திருக்கும் தோட்டத்தில், 19 கிலோ பறித்தவருக்கு 17 என்று விழும். பெயர் அரைப்பெயராகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. உழைத்தவரின் நாட்கூலியில் கைவைக்கும் பிழை இது. மழைக்காலத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிரலைக் கையளிக்கவே கூடாது.

|| மெய், பொய் என்று விடை சொல்வதில்லை. இடப்பக்கம் மெய்யென்றால் அந்த மதிப்பையே தரும், இல்லாவிட்டால் வலப்பக்கத்தைத் தரும். && இதற்கு நேர்மாறு: இடப்பக்கம் பொய்யென்றால் அங்கேயே நின்று அதைத் தரும். திரையை வரையும் ரியாக்ட் நூலகத்தில் பட்டியலின் நீளத்தை && முன் வைத்தால் வெற்றுத் திரையில் 0 வந்து நிற்பது இதனால்தான்; நீளம் > 0 என்று எழுதுங்கள்.

பொய்யாகக் கொள்ளப்படுபவை: ஃபால்ஸ் (false), 0, -0, பிக்இன்ட் (பெரிய முழுவெண் வகை) பூச்சியம், வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), மதிப்பே இல்லாததைக் குறிக்கும் நல் (null), அன்டிஃபைன்ட் (undefined), எண்ணாகாததைக் குறிக்கும் நேன் (NaN). உலாவியின் பழைய மரபுப் பொருள் ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் மெய். வெற்று அணியும் (உறுப்பில்லாத பட்டியலும்) மெய், "0" என்ற சரமும் மெய். அதனால் படிவப் பெட்டியில் தட்டிய "0" மேலுள்ள வரியில் தப்பிவிடும், எண்ணாக மாற்றிய 0 மாட்டிக்கொள்ளும்.

2020-இல் மொழித் தரத்தில் சேர்ந்த ?? நல், அன்டிஃபைன்ட் இரண்டை மட்டுமே பார்க்கும். தரவுத்தளத்திலிருந்து வரும் கழிவுக்கு "கழிவு ?? 2" போதும். படிவத்துக்குப் போதாது. அங்கே நிரப்பாத பெட்டி வெற்றுச் சரமாக வரும். அதை எண்ணாக்கினால் 0 ஆகிவிடும். பிறகு பதியாததும் காய்ந்த கொழுந்தும் ஒன்றுதான். பெட்டியிலிருந்து வந்த உரையின் ஓரத்து இடைவெளிகளை நீக்கிவிட்டு, மாற்றும் முன்பே கேளுங்கள்:

கழிவு = உரை === "" ? 2 : +உரை

எழுத்தைத் தட்டிவிட்டால் நேன் வரும். அதை ?? பிடிக்காது, தனியாகச் சோதிக்க வேண்டும். ?? குறியை ||, && உடன் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் தொடரியல் பிழை.

பழைய கைப்பேசிகள் இங்கே இன்னும் புழக்கத்தில் உண்டு. குரோம் உலாவியின் 80-ஆம் பதிப்புக்கு முந்தையவற்றில் ஒரு ?? இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதுமே ஓடாது. புதிய குறிகளைப் பழைய வடிவத்துக்கு மாற்றும் பேபல் கருவி வழியாக மாற்றிக் கொடுங்கள். ஆளின் பெயர் போன்ற சரங்களுக்கு || இன்றும் நல்ல தெரிவு. கிலோவுக்கும் ரூபாய்க்கும் அதை வைக்காதீர்கள்.