பொட்டலத்தின் முகப்பும் முதுகும்: சிங்கப்பூர் உணவு முத்திரைகள் குறித்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் மளிகை வாங்குவோருக்குத் துணையாக இருப்பவை இரண்டு முத்திரைகள்: பானங்களின் முகப்பில் ‘ஏ’ (சிறந்தது) முதல் ‘டி’ வரை தரம் காட்டும் ‘நியூட்ரி-கிரேட்’ எழுத்தும், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் சிவப்பு நிற ‘ஆரோக்கியமான தெரிவு’ சின்னமும். இரண்டுமே பயனுள்ளவைதாம். ஆனால் பானத்துக்குக் கிடைத்துள்ள தெளிவு, நம் வீட்டு ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கணிப்பு.

முதலில் பாராட்ட வேண்டியது அந்த எழுத்தை. பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அதற்கு ஓராண்டு கழித்தும் நடப்புக்கு வந்த இந்த ஏற்பாட்டின்படி, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. இவ்விரண்டுக்கும் எழுத்தை அச்சிட்டே ஆக வேண்டும். ‘டி’ பானத்துக்கு விளம்பரமும் செய்ய முடியாது. பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்து 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருப்பதைப் பார்க்கும்போது, வாங்குபவர் எழுத்தைப் படித்தாரோ இல்லையோ, தயாரிப்பவர் படித்துவிட்டார் என்று தெரிகிறது.

இருப்பினும் எழுத்தை மட்டும் நம்பிக் கூடையை நிரப்ப இயலாது. 5 விழுக்காடு சர்க்கரையுள்ள ‘பி’ பானத்தின் அரை லிட்டர் புட்டியை முழுவதும் குடித்தால், 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையற்ற கோலாவுக்கு ‘பி’யும், நிறைவுற்ற கொழுப்பின் காரணமாக முழுக்கொழுப்புப் பாலுக்கு ‘சி’யும் கிடைப்பதைப் பார்த்துப் பாலை ஒதுக்கிக் கோலாவை எடுப்பவர் இருந்தால், அது எழுத்தின் குற்றமன்று, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, இனிப்பூட்டி ஆகியவற்றுக்கு அப்பால் அது எதையும் பார்ப்பதில்லை.

சிவப்புச் சின்னம் ஒரு பொருளை அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றோடுதான் ஒப்பிடுகிறது. சின்னம் பெற்ற உடனடி நூடல்ஸ், சின்னம் பெறாத நூடல்ஸைவிட மேலானது. கீரையைவிட மேலானது என்று யாரும் சொல்லவில்லை. பிஸ்கட் பொட்டலங்களில் பெருமையாக அச்சிடப்படும் ‘டிரான்ஸ் கொழுப்பு இல்லை’ என்ற வாசகத்துக்கும் நான் மதிப்பெண் தரமாட்டேன். செயற்கை டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய மூலமான, பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்கு இங்கே 2021 ஜூன் முதலே தடை உள்ளது.

உண்மையான விவரம் பொட்டலத்தின் முதுகில்தான் இருக்கிறது. உள்ளடக்கப் பொருள்கள் எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் இருப்பதால், பழுப்பு நிற ரொட்டியின் பட்டியலில் முதலில் நிற்பது முழுக்கோதுமை மாவா, வெறும் கோதுமை மாவா என்று பார்த்தாலே போதும். உப்புக்குத்தான் சற்றுக் கணக்குப் போட வேண்டும். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் வரம்பு என்றிருக்க, 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசிகளின் சராசரி 3,620 மில்லிகிராம். நான் எடுத்துப் பார்த்த மாங்காய் ஊறுகாய்ப் புட்டியில் 100 கிராமுக்கு 5,200 மில்லிகிராம் என்றிருந்தது. தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் 10 கிராம் துண்டிலேயே நாள் வரம்பின் கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. அருகில் இருந்த அப்பளப் பொட்டலத்தில் எண்களைப் படிக்கவே முடியவில்லை, ஏனெனில் இறக்குமதியாளரின் ஒட்டுச்சீட்டு அவற்றின் மீதே ஒட்டப்பட்டிருந்தது. ஊட்டச்சத்து பற்றி உரிமை கோராத பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமில்லை என்பதால், சில பொட்டலங்களில் மறைப்பதற்கும் எதுவும் இருப்பதில்லை.

உப்பு, சுவைச்சாறுகளும் சுவையூட்டிகளும், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அதே எழுத்து முறை வரும் என்று சுகாதார அமைச்சு 2024இல் அறிவித்தது. நூடல்ஸ் அடுக்குக்கு இது பெரும் வரவு. அந்த வகைப் பெயர்களில் ஊறுகாயும் அப்பளமும் இல்லை; தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கும்போது அவற்றைத் திருப்பிப் பார்க்கும் வேலை நம்முடையதாகவே இருக்கும்.