மே 3 எப்படி மார்ச் 5 ஆச்சு: 18,400 ரூபாய் போன கதை

ஏற்காட்டில் இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிறேன். முந்தாநாள் நடந்தது, இன்னும் வயிறு எரிகிறது.

மே 3, சனிக்கிழமை. ராத்திரி எட்டரை மணி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த ஆறு பேர் வாசலில் நிற்கிறார்கள், அதில் ஒரு குழந்தை வாந்தியோடு. இரண்டு அறையிலும் ஏற்கெனவே ஆள். "பணம் கட்டியாச்சுங்களே" என்று பெரியவர் போனைக் காட்டுகிறார். சீசன் நேரத்தில் ஏரிப் பக்கம் அலைந்து வேறு இடம் பிடித்துக் கொடுத்தேன், 14,000. புக்கிங் தளம் போட்ட அபராதம் 4,400. ஆக 18,400 ரூபாய்.

போன மாதம்தான் சேலத்தில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். புக்கிங் பட்டியலுக்கு எக்செல்லும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். "தளத்துல இருந்து டவுன்லோட் பண்ணித் திறங்க, வரிசைப்படுத்துங்க, அவ்வளவுதாண்ணா. இனி டைரியே வேண்டாம்" என்றான் அந்தத் தம்பி. டீ வேறு வாங்கிக் கொடுத்தான். 25/05 என்று ஒன்றைக் காட்டினான், சரியாகத்தான் இருந்தது. நம்பிவிட்டேன்.

லேப்டாப்பில் இருந்தது அமெரிக்கத் தேதி முறை. அங்கே மாதம்தான் முதலில். 25வது மாதம் கிடையாது, அதனால் 25/05 வெறும் எழுத்தாகத் தப்பித்தது. 03/05 மார்ச் 5 ஆகிவிட்டது. கொடுமை என்னவென்றால், பார்வைக்கு அதுவும் 3/5தான்! வரிசைப்படுத்தியதும் மேலே பழைய வரிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மே 3 காலி என்று நினைத்து போனில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதைத் தளத்தில் அடைக்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். எக்செல் தேதியை எண்ணாகத்தான் வைத்திருக்குமாம், 1900 ஜனவரி 1 என்றால் 1. 2025 மே 3க்கு 45780 வர வேண்டும். என்னுடையதில் 45721, அதாவது மார்ச் 5.

கடைக்குப் போன் போட்டால், "அது எக்செல் பிரச்சனைண்ணா, நாங்க என்ன பண்றது?" மறுபடி போட்டால், ஓனர் வெளியூராம். தளத்தில் கேட்டால் ஒரே பதிலை மூன்று தரம் ஒட்டுகிறார்கள்: நாட்காட்டி உரிமையாளர் பொறுப்பு. 18,400க்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். லேப்டாப் வாங்கியதும் விண்டோஸில் ரீஜன், அதாவது எந்த நாட்டு முறை என்கிற அமைப்பு, இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். சோதிக்கும்போது 12க்கு உட்பட்ட தேதியைப் போடுங்கள், 25ஐப் போட்டு ஏமாறாதீர்கள். மாதம் எழுத்தில் தெரிகிற மாதிரி வடிவத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் 2025-05-03 என்று வருஷத்தை முதலில் வையுங்கள். தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது தேதியே இல்லை, வெறும் எழுத்து.

இப்போதும் கடைக்குப் போட்டுப் பார்த்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. நாளைக்குப் பில்லோடு கீழே இறங்குகிறேன்.