துருக்கிப் பெயர் தேடுகிறீர்களா? காவியம், அரசவை, வரிப் பதிவேடு: எதை நம்பலாம்?

பழைய காலத்து உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து ஆளாகவே ஒரு நாள் வாழ்ந்து பார்க்கிற ரீஎனாக்ட்மென்ட் ஆட்களில் துருக்கி வேடம் எடுப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரில்தான். கஃப்தானின் பொத்தான் வரைக்கும் ஆராய்ந்து தைக்கிறவர்கள்கூட, பெயர் என்று வந்ததும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறந்து ‘ஓஸ்குர்’, ‘தெவ்ரிம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்னதற்கு சுதந்திரமானவன் என்று பொருள், பின்னதற்குப் புரட்சி. இரண்டுமே 20ஆம் நூற்றாண்டு மொழிச் சீர்திருத்தத்தில் உருவாக்கிய சொற்கள். 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் நகரமான புர்சாவின் சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இன்றைய பட்டியல்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

மிச்சம் இருப்பவற்றில் எல்லாருக்கும் ஆசை வருவது தெதே கொர்குத் கதைகள் என்ற துருக்கியக் காவியத்தின் மீது. எனக்கும் அவை உயிர். திர்சே கானின் மகன் அவிழ்த்துவிட்ட காளையை எதிர்த்து நின்று குத்திக் கொல்கிறான். அதைக் கேட்டுக் கிழவர் கொர்குத் வந்து ‘போவாச்’ என்று பெயர் சூட்டுகிறார் (போவா என்றால் காளை). பெயரைச் செயலால் சம்பாதிக்க வேண்டும் என்ற அந்த நினைப்பே அழகு. பாம்சி பெய்ரெக், பானு சிசெக், செல்ஜன் ஹாத்துன் என்று வாயில் உருளும் பெயர்களும் நிறைய. ஆனால் கதை எவ்வளவு பழசாக இருந்தாலும் நம் கையில் இருக்கும் டிரெஸ்டன், வத்திக்கான் சுவடிகள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதில் வருபவர்களோ காவிய நாயகர்கள். கேட்கிறவர் நெஞ்சில் தங்க வேண்டும் என்று வைத்த பெயரை ஒரு தோல் வியாபாரி சுமந்திருப்பார் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: காவியப் பெயர் வேறு ஒரு சாதாரண ஆவணத்திலும் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பேன். காரா புதாக் அப்படித் தேறுகிறான், ஏனென்றால் புதாக் (மரக்கிளை) என்ற பெயர் வரிப் பதிவேடுகளிலும் இருக்கிறது. பாம்சி பெய்ரெக்கை அப்படித் தேற்ற என்னால் முடியவில்லை.

அடுத்து அரசவை. செல்ஜுக் என்ற துருக்கிய அரச வம்சத்தில் வரும் துருல், சாரி என்ற பெயர்கள் இரண்டும் வேட்டைப் பறவைகள், ஆல்ப் அர்ஸ்லான் என்றால் வீரச் சிங்கம். கேட்கக் கம்பீரம்தான், ஆனால் 1071இல் மான்சிகெர்ட்டில் வென்ற ஆல்ப் அர்ஸ்லானின் சொந்தப் பெயர் முகம்மது. பிறகு கோன்யாவில் ஆண்ட செல்ஜுக் சுல்தான்களைப் பார்த்தால் கெய்காவுஸ், கெய்ஹுஸ்ரேவ், கெய்குபாத் என்று பாரசீக மன்னர் கதைகளிலிருந்து எடுத்த பெயர்கள் வரிசையாக வருகின்றன. சுத்தத் துருக்கியம் தேடி அந்த அவைக்குப் போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

துருக்கியச் சொல்லே பெயராக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவருக்கு என் பதில் கெய்ரோ. 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளில் முதல் நூறு வருடம் கோலோச்சியவர்கள் பெரும்பாலும் புல்வெளிகளிலிருந்து சிறுவர்களாக விற்கப்பட்டு வந்த துருக்கியர்கள். பைபர்ஸ், ஆக்சுன்குர் (வெள்ளை வல்லூறு), அல்துன்புகா (பொற்காளை), தன்கிஸ் (கடல்) என்று அரபு வரலாற்றாசிரியர்கள் கத்தையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் பள்ளியில் படித்த குத்புதீன் ஐபக்கின் ‘ஐபக்’கும் இதே குடும்பம்தான், நிலவுத் தலைவன் என்று பொருள். 1206இல் லாகூரில் அரியணை ஏறிய அந்த ஐபக் ஒருவர், 1250இல் கெய்ரோவில் இன்னொரு ஐபக். ஆனால் அந்தப் பெயரை எடுத்தால் அந்த வாழ்க்கையையும் சேர்த்து எடுக்க வேண்டும்: அடிமையாக வாங்கப்பட்டு, போர்ப் பயிற்சி பெற்று, எஜமானர் அஸ்-ஸாலிஹ் என்றால் தானும் ‘அஸ்-ஸாலிஹி’ என்று அழைக்கப்பட்டவர். மகன்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் போகவில்லை. மம்லூக் சுல்தான் கலாவூனின் பிள்ளைகள் கலீல், முகம்மது. அல்துன்புகா என்ற பெயரோடு அனத்தோலியாவில் (இன்றைய துருக்கி) ஒரு கிராமத்து விவசாயியாக நடிப்பது ஒட்டவே ஒட்டாது.

சரி, அந்த விவசாயிக்கு எங்கே போவது? ஒட்டோமான் வரிப் பதிவேட்டுக்கு. தஹ்ரீர் தஃப்தர் என்பார்கள். இன்று கிடைப்பதில் மிகப் பழையது 1431ஐச் சேர்ந்த அல்பேனியப் பகுதிப் பதிவேடு, அதை வரலாற்றாசிரியர் ஹலில் இனால்சிக் 1954இல் அச்சில் கொண்டுவந்தார். அரசுக்கு வேண்டியதெல்லாம் யார் வரி கட்டுவான் என்பது மட்டும், அதனால் ஊர் ஊராக வரி கட்டும் ஆண்களின் பெயர், தகப்பன் பெயர், சில இடங்களில் தொழில் என்று அலங்காரமே இல்லாமல் எழுதிக்கொண்டு போனார்கள், அந்த வறட்சிதான் நமக்குப் புதையல். இந்த வகைப் பதிவேடுகளில் துர்முஷ் (தங்கிவிட்டான்), துர்சுன் (தங்கட்டும்), சாத்தில்மிஷ் (விற்கப்பட்டவன்) போன்ற பெயர்களைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று வைக்கிற பெயர்கள் அவை. நம் ஊரில் பிச்சை, குப்பன் என்று வைத்தார்களே, அதே பயம், அதே வேண்டுதல்.

ஆனால் பதிவேட்டுக்குள் போனால் துருக்கியப் பெயர்களே கொட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மெஹ்மெத், அலி, முஸ்தஃபா, ஹசன் என்றுதான் பக்கம் பக்கமாக வரும், நடுநடுவே ஒரு புதாக், ஒரு கராஜா. உண்மையான விகிதமே அதுதான், அதனால் ‘அலி’ என்று வைத்துக்கொள்ள யாரும் தயங்க வேண்டாம். அலிகளுக்குள் வித்தியாசம் காட்டத்தான் அடைமொழிகள் இருந்தன: டெமிர்ஜி (கொல்லர்), கரா (கறுப்பு), தோப்பால் (நொண்டி). அப்புறம் தகப்பன் பெயர் ‘அப்துல்லா’ என்று வந்தால் கவனியுங்கள், பல இடங்களில் அது மதம் மாறி வந்தவர் என்பதற்கான அடையாளம். அப்படி ஒரு பாத்திரம் எடுக்க விரும்புகிறவருக்கு அந்த ஒரு சொல்லில் முழுக் கதையும் கிடைக்கிறது.

பதிவேட்டின் பெரிய ஓட்டை பெண்கள். வரி கட்டுகிறவன் ஆண் என்பதால் முஸ்லிம் பெண்கள் அதில் ஏறக்குறைய இல்லை. அதற்கு வக்ஃப் பத்திரங்களுக்கும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து புர்சாவில் கிடைக்கும் காதி (இஸ்லாமிய நீதிபதி) நீதிமன்ற ஏடுகளுக்கும் போக வேண்டும். பத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டோமான் அரசர் ஓர்ஹான் 1324இல் எழுதிக் கொடுத்தது. பாரசீகத்தில் எழுதிய அதில் ஒரே குடும்பம் அப்படியே நிற்கிறது: சோபான் (மேய்ப்பன்), பசார்லு, ஹமீத், மெலிக் என்று சகோதரர்கள், சகோதரி ஃபாத்மா, கூடவே உமர் பேயின் மகள் மால் ஹாத்துன். துருக்கியம், அரபு எல்லாம் ஒரே வீட்டில் கலந்து கிடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது. பயணி இப்னு பதூதா 1330களில் மங்கோலிய வழி அரசர் உஸ்பெக் கானின் கூடாரங்களில் பார்த்த பயாலூன், உர்துஜா போன்ற பெயர்களும் உண்டு, ஆனால் அவர்கள் வோல்கா பக்கத்து அரசிகள். புர்சாவில் பட்டு நெய்கிறவளுக்கு அவை பொருந்தா.

என் தோழி ஒருத்தி பானு சிசெக்கை விட மனமில்லாமல் இரண்டு மாதம் இழுத்தாள். கடைசியில் 15ஆம் நூற்றாண்டுப் புர்சா, கொல்லரின் மகள் என்று ஆளை முதலில் முடிவு செய்தோம், பெயர் ஒரு மாலைப்பொழுதிலேயே அமைந்துவிட்டது: அலியின் மகள் ஃபாத்மா. ‘ஹாத்துன்’ சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அது மரியாதைச் சொல், அடுத்தவர் உன்னை அழைக்கும்போது சேர்க்கட்டும், நீ உன் பெயரைச் சொல்லும்போது ஃபாத்மா என்று மட்டும் சொல் என்றேன்.